டோனா மேல் கட்டிய பிராது

பெரியசாமி கோயிலில் பிராது கட்ட நினைக்கிற பெண்கள் பூசாரியிடம் போக மாட்டார்கள். பூசாரிக்கு எழுத நன்றாகத் தெரியும். வாயை மூடத்தான் தெரியாது. அதனால் கொல்லிமலை வாழவந்தி நாட்டில் எந்தப் பொம்பளைக்கு வயிறு எரிந்தாலும் அவள் நேராகப் பாவாயி வீட்டு வாசலில் வந்து நிற்பாள். பாவாயி பள்ளிக்கூடம் போனவள் இல்லை. புருஷன் பலாமரத்திலிருந்து விழுந்து செத்த மறுவருஷம், முப்பத்து மூன்று வயதில், அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவள். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன காவியமா எழுதினாள்? ஊரார் வயிற்றெரிச்சலைத்தான் பன்னிரண்டு வருஷமாக எழுதினாள்.

பிராது என்றால் சாமியிடம் கொடுக்கிற புகார். போலீஸ் ஸ்டேஷனைவிடக் கறாரான சட்டம் அதற்கு உண்டு. மொத்தம் மூன்றே வரி. யார் மேல் புகார், அவன் அப்பன் பேர் என்ன, எந்த ஊர் என்பது முதல் வரி. அவன் செய்தது இரண்டாவது வரி. அவனுக்கு என்ன நடக்க வேண்டும் என்பது மூன்றாவது வரி. இதை மஞ்சள் நூலில் சுற்றிச் சாமிக்கு முன்னால் நட்டிருக்கிற வேலில் கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன்பே, உன் மேல் பிராது கட்டப் போகிறேன் என்று எதிராளிக்குத் தாக்கல் சொல்லிவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் கட்டுகிற பிராது சாமிக்கு ஆகாது. எதிராளி திருந்தினால் நல்லது. திருந்தாவிட்டால் மூன்று வரமிளகாயைக் கொண்டுபோய் அதே முடிச்சில் சேர்த்துக் கட்ட வேண்டும். மிளகாய் ஏறிவிட்டால் சாமி புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம். திரும்பக் கூப்பிட வேண்டுமானால் இரண்டு தரப்பும் சேர்ந்து வந்து, ஒரே சொம்பில் மஞ்சள் தண்ணீர் குடித்து, கட்டின கையே அவிழ்க்க வேண்டும். வேறு யார் கை பட்டாலும் செல்லாது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. பொய்ப் பிராது கட்டினால் அது கட்டினவள் வீட்டுக்கே திரும்பி வரும்.

இதைச் சொல்லாமல் பாவாயி பேனா மூடியைத் திறக்க மாட்டாள். “நெசந்தானா, நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணு. இல்லீன்னா உன்ற ஊட்டுக்கே வந்துரும்” என்பாள். பாதிப் பேர் அதைக் கேட்டதும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். ஊருக்கெல்லாம் சொன்னவள், தன் முறை வந்தபோது தனக்குச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டாள். வினை அங்கேதான் பிடித்தது.

அவளுக்கு ஒரே மகன், ரமேஷ்குமார். நாமக்கல்லில் லாரி ஓட்டிக்கொண்டு சும்மா இருந்தவனை, “ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு நாமக்கல் என்ன, குவைத் என்ன” என்று ஒரு ஏஜெண்ட் கிளப்பிவிட்டான். 2003 கடைசியில் பிளேன் ஏறினான். இறங்கிய மறுநாளே கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவிட்டு, ஈராக்குக்கு லோடு ஏற்றிவிட்டான். அங்கே சண்டை போடுகிற அமெரிக்கப் பட்டாளத்துக்குத் தண்ணீர் பாட்டில், அரிசி, டீசல். நல்லா இருக்கிறது நியாயம்! கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்துப் பழகினவனைக் குண்டு வெடிக்கிற ரோட்டில் விட்டால் என்ன செய்வான்?

ஞாயிற்றுக்கிழமை தோறும் செம்மேட்டில் சைபுல்லா பாயின் எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வரும். “அக்கா, குவைத்து!” என்று பாய் குரல் கொடுப்பார். பாவாயி காலையிலேயே வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். முதலில் எல்லாம், சாப்பிட்டாயா, வெயில் எப்படி என்று போனது. 2004 ஆடி மாதம் அந்தப் பக்கம் லாரி டிரைவர்களைக் கடத்திக்கொண்டு போனதாகப் பேப்பரில் வந்தது. அந்த வாரம் ரமேஷ் போனில் அழுதான்.

“முன்னால போன வண்டி எரியுதும்மா. நிக்காதே, ஓட்டு ஓட்டுங்கறாங்க. உள்ள ஆளு இருந்தாம்மா. ஜன்னல்ல கை தெரிஞ்சது. நான் ஓட்டிட்டு வந்துட்டேன்.”

பாவாயி ரிசீவரை வைத்துவிட்டுச் சைபுல்லாவைப் பார்த்தாள். “ஏனுங்க பாய், இது யாரு ஆரம்பிச்ச சண்டைங்க?” என்று கேட்டாள். பாய் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கலைச்செல்வி வந்தாள். ராசிபுரத்துப் பெண். சாமை, கேழ்வரகு விதைகளைச் சேகரிக்கிற ஓர் ஆபீசில் செம்மேட்டில் வேலை பார்த்தாள்; ஆபீசில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தன. நல்ல மனசுக்காரி, உலகத்து அநியாயம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கோபப்படுகிறவள். பாவாயி கதையைக் கேட்டு அவளுக்கும் தூக்கம் போய்விட்டது.

“அக்கா, நவம்பர்ல அமெரிக்காவுல தேர்தல் வருது. ஓட்டு அவங்களுக்குத்தான், ஆனா அடி உலகத்துக்கே விழுதுல்ல? அதனால வெளிநாட்டு சனங்க சேர்ந்து ஒரு வேலை பண்றாங்க. அங்க இருக்கிற ஓட்டருங்க பேரு, அட்ரஸ் எல்லாம் குடுக்கறாங்க. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டரு. சண்டை வேண்டாம், அதை ஆரம்பிச்ச அதிபருக்கு மறுபடி ஓட்டுப் போடாதீங்கன்னு நாம காயிதம் எழுதலாம். நீங்க தமிழ்ல எழுதுங்க, நான் இங்கிலீசுல மாத்தி அனுப்பறேன்.”

“ஓட்டு அவங்களுக்கு, சாவு எம்பட பையனுக்கா?” என்றாள் பாவாயி. “குடு கண்ணு அந்தப் பேரை.”

பேர் வந்தது. டோனா பீட்டர்சன், ஒஹாயோ மாநிலம்.

“பீட்டர்சன்ங்கறது அப்பன் பேரா?”

“குடும்பப் பேருக்கா. அப்பா பேருன்னே வெச்சுக்கங்க.”

பேர் இருக்கிறது, அப்பன் பேர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. முதல் வரி நிறைந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் ஒரே தடத்தில் ஓடின பேனா வேறு எங்கே போகும்? பாவாயி இப்படி எழுதினாள்:

‘ஒஹாயோ பீட்டர்சன் மகள் டோனாவுக்குக் கொல்லிமலைப் பாவாயி சொல்லும் தாக்கல். உன் நாட்டு அதிபர் போட்ட சண்டைக்குள் என் ஒரே மகன் லாரி ஓட்டுகிறான். திரும்பவும் அந்தச் சண்டைக்காரனுக்கு நீ ஓட்டுப் போடாதே. போட்டால், என் பெற்ற வயிறு எரிகிற மாதிரி உன் பெற்ற வயிறும் எரியட்டும்.’

கலைச்செல்வி அதைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்தாள். மறுநாள் காகிதத்தை இங்கிலீஷில் மாற்றித் தபாலில் போட்டுவிட்டாள். அமெரிக்காவுக்குத் தபால் போக எத்தனை நாள் ஆகும் என்று பாவாயி சைபுல்லாவிடம் விசாரித்தாள். பாய் பதினைந்து நாள் என்றார். இவள் கூட ஒரு வாரம் சேர்த்துக் காத்திருந்து, தாக்கல் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, அதே வாசகத்தை மூன்று வரியில் எழுதிப் பெரியசாமி வேலில் கட்டினாள். மழையில் கரையக் கூடாதென்று மேலே பாலிதீன் பையும் சுற்றினாள். இது கலைச்செல்விக்குத் தெரியாது.

நவம்பரில் முடிவு வந்தது. கலைச்செல்வி தொங்கின முகத்தோடு பாவாயி வேலை செய்துகொண்டிருந்த மிளகுக் கொடிகளுக்கு நடுவே வந்து நின்றாள். “அவரே ஜெயிச்சுட்டாருக்கா. ஒஹாயோவுலயும் அவருதான்” என்றாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பாவாயி கிட்டே நின்று பார்த்த தேர்தல் எல்லாம் வார்டு தேர்தல். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. போன தடவை அர்த்தனாரி நான்கு ஓட்டில் தோற்றார். அந்த நான்கு ஓட்டும் யார் வீட்டு ஓட்டு என்பது மறுநாள் விடிவதற்குள் மலைக்கே தெரிந்துவிட்டது. இன்றைக்கும் அந்த வீட்டுக்காரர்களும் அர்த்தனாரி வீட்டுக்காரர்களும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பாவாயி கணக்கில் ஒஹாயோவும் இன்னொரு வார்டுதான். அங்கே அவர் ஜெயித்தார் என்றால் டோனா அவருக்குத்தான் போட்டிருக்கிறாள். அங்கே எத்தனை லட்சம் ஓட்டு என்று அவளும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

அப்போது ரமேஷிடமிருந்து போன் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? “தாக்கல் சொல்லியும் கேக்கலையா நீ?” என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே கோயிலுக்குப் போய், மூன்று வரமிளகாயை அந்த முடிச்சில் வைத்து இறுக்கினாள்.

தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் ரமேஷ் வந்துவிட்டான். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலை ஏறின கடைசி பஸ்ஸில், இடது கையில் கட்டோடு வந்து இறங்கினான். அவன் லாரி தீப்பிடித்ததாம். காவலுக்குக் கூட வந்த பட்டாளத்துப் பையன்கள் இரண்டு பேர் கதவை உடைத்து இவனை வெளியே இழுத்துப் போட்டார்களாம். “அதுல ஒருத்தன் அவன் குடிக்க வெச்சிருந்த தண்ணிய எங் கையில ஊத்துனாம்மா” என்றான். கை வெந்தவன் இனி வண்டி ஓட்ட மாட்டான் என்று கம்பெனிக்காரனே பாஸ்போர்ட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டானாம். பாவாயி மகன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பெரியசாமிக்குக் கிடா வெட்டினாள். டோனா என்ற பேரையே அவள் மறந்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாசிக் கடைசியில் டோனாவின் காகிதம் வந்தது.

கலைச்செல்வி படிக்கப் படிக்கத் தமிழில் சொன்னாள். முதலில் குஷியாகத்தான் ஆரம்பித்தாள். “உங்க காயிதம் கெடச்சுதாம். அந்த ஊருல நெறையப் பேருக்கு இப்படி வெளிநாட்டுக் காயிதம் வந்துச்சாம். எங்க ஊட்டுச் சோலி எங்களுக்குத் தெரியும், நீங்க யாருடான்னு எல்லாருக்கும் கோவமாம். ஆனா உங்க காயிதத்தை மட்டும் இவங்க கிழிச்சுப் போடலையாம். பெத்தவ எழுதுனதுன்னு எடுத்து வெச்சாங்களாம். நீங்க சொன்ன மாதிரியே அவருக்கு ஓட்டுப் போடலையாம் அக்கா!” அப்புறம் அவள் குரல் இறங்கியது. “இவங்களுக்கும் ஒரே பையனாம். கைல்னு பேரு. பட்டாளத்துல, அதே ஈராக்குல, அதே ரோட்டுல லாரி ஓட்டுனானாம். ஜனவரி பன்னெண்டாந் தேதி… எறந்துட்டானாம். உங்க பையன் ஊடு வந்து சேந்துட்டானா, அதை மட்டும் எழுதுங்கன்னு கேட்டிருக்காங்க.”

பன்னிரண்டாம் தேதிதான் ரமேஷ் பஸ்ஸிலிருந்து இறங்கினான்.

பாவாயி காகிதத்தின் மேல் விரலை வைத்தாள். “ஓட்டுப் போடலைன்னா எழுதியிருக்கா? நல்லாப் பாரு கண்ணு.”

“போடலைன்னுதான் இருக்கு.”

“நான் கடைசியா எழுதுன வரியப் பத்தி என்ன எழுதியிருக்கா?”

கலைச்செல்வி தலையைக் குனிந்தாள். “அந்த வரிய நான் இங்கிலீசுல எழுதலைங்கக்கா. ஓட்டுக் கேக்கற காயிதத்துல சாபம் இருந்தா நல்லாயிருக்காதுன்னு விட்டுட்டேன்.”

பாவாயி அவளை அடிக்காததுதான் மிச்சம். “அடிப்பாவி! அது சாபமில்லடி, தாக்கல்! தாக்கல் சொல்லாமயா நான் கட்டுனேன்?” என்று கத்தினாள். அப்போதுதான் கலைச்செல்விக்குப் பிராது விஷயமே தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள் பாவாயியின் கதியை. முதுகுக்குப் பின்னால் கட்டின பிராது. சொன்ன பேச்சைக் கேட்டவள் மேலேயே ஏற்றின மிளகாய். பொய்ப் பிராதுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அது ஒரு பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. இனி திரும்பி வரும். திரும்பி வருவதற்கு இந்த வீட்டில் இருப்பது ரமேஷ் ஒருத்தன்தான்.

காகிதத்தோடு ஒரு போட்டோவும் இருந்தது. காது விடைத்த, சிரிக்கிற பையன். அன்று சாயங்காலமே அதை ரமேஷிடம் நீட்டினாள். “உங் கையில தண்ணி ஊத்துனது இவனா பாரு சாமி” என்றாள்.

ரமேஷ் நெடுநேரம் பார்த்தான். “தெரியலம்மா. ஹெல்மெட் போட்டுட்டா எல்லாப் பசங்களும் ஒரே மாதிரிதான். இவனா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். யாரும்மா இது?”

“தெரிஞ்சவங்க பையன்” என்றாள் பாவாயி.

அதற்குப் பிறகு அவள் தூங்கினாளா என்று கேட்காதீர்கள். ரமேஷ் கை ஆறினதும் நாமக்கல்லில் மறுபடி முட்டை லாரி ஏறினான். வேண்டாம் என்று காலைப் பிடித்துக்கொண்டாள், “மரவள்ளி புடுங்கிப் பொழைக்கச் சொல்றியா?” என்று அவன் சண்டை போட்டுவிட்டுப் போனான். அவன் பாலக்காடு போய்ச் சேர்ந்து போன் பண்ணும் வரை அவளுக்குச் சோறு இறங்காது. சைபுல்லாவின் பூத்தில் மணி அடித்தால் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வாள். பாய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். ஒருநாள் ராமாயி என்கிற பெண் கொழுந்தன் மேல் பிராது எழுதச் சொல்லி வந்தாள். எழுதி முடித்துப் படித்துக் காட்டப் போனால், முதல் வரியில் ‘பீட்டர்சன் மகள் டோனா’ என்று இருந்தது. கையெழுத்து பாவாயியுடையதுதான். எப்போது எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டாள். அடுத்த வாரமும் அதேதான் நடந்தது. பெரியசாமி கோயிலுக்குப் போய் வேலின் முன்னால் நிற்பாள். பாலிதீன் பைக்குள் எழுத்து அழியாமல் இருக்கும். முடிச்சில் கை வைப்பாள். ஒரே சொம்பில் தண்ணீர் குடிக்க வேண்டியவள் ஏழு கடலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்க, எதை வைத்து அவிழ்ப்பது? கையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

கடைசியில், அந்த வருஷம் வைகாசியில், கலைச்செல்வியைக் கோயிலுக்கே இழுத்துக்கொண்டு போனாள். தன் காகிதத்தில் ஓர் எழுத்தும் விடாமல் மாற்றி அனுப்புவேன், வருகிற பதிலையும் ஓர் எழுத்து விடாமல் சொல்வேன் என்று அவளைச் சூடம் அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கினாள். பிறகு எல்லாவற்றையும் எழுதினாள். முதல் காகிதத்தில் விடுபட்ட கடைசி வரி, பிராது கட்டினது, மிளகாய் ஏற்றினது, தேதி ஒன்றாக இருந்தது, ரமேஷ் வந்து சேர்ந்தது, அவன் மறுபடி லாரி ஓட்டுகிறது. ‘தப்புச் செய்யாத உன் மேல் பொய்ப் பிராது கட்டிவிட்டேன் தாயே. அது என் பிள்ளையைத் தேடி வருகிறது. நீ மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை எழுதினால், அந்தக் காகிதத்தைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, நீ வந்ததாக வைத்து அவிழ்த்துக்கொள்கிறேன்’ என்று முடித்தாள்.

ஆனி போயிற்று, ஆடி போயிற்று. ஐப்பசி மழையில் மலையே நனைந்து கிடந்தது. பதில் இல்லை. மனசு விட்டுப்போன நேரத்தில், மார்கழியில் ஒரு காலை, கலைச்செல்வி நோட்டும் கையுமாக வந்தாள். சத்தியத்துக்குப் பயந்து, வந்த பதிலை வரிவரியாகத் தமிழில் எழுதியே கொண்டுவந்திருந்தாள். நின்றபடியே படித்தாள்.

‘பாவாயி, உங்களுக்குப் பதில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. நான் உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன். உங்கள் காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுப் போடப் போனேன். ஆனால் என் மகன் அந்த மனிதரின் பட்டாளத்தில் இருந்தான். அவர் தோற்றால் என் மகன் அங்கே படுகிற பாடெல்லாம் வீண் என்று ஆகிவிடுமே என்று தோன்றியது. அவருக்கே போட்டேன். என் மகன் கைல் போன பிறகு, நான் அப்படிச் செய்யவில்லை என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. முகம் தெரியாத உங்களிடம் சொன்னேன். நீங்கள் அந்தக் கடைசி வரியை எனக்கு அனுப்பியிருந்தாலும் நான் அப்படித்தான் செய்திருப்பேன். உங்கள் புகாரில் பொய் இல்லை. அதனால் மன்னிக்க எனக்கு ஒன்றும் இல்லை.’

பாவாயி, “அந்த வரிய மறுக்காப் படி” என்றாள்.

“‘உங்கள் புகாரில் பொய் இல்லை.’”

“அவருக்கே போட்டேன்னு எழுதியிருக்காளா? சத்தியமா?”

“சத்தியமாக்கா.”

“அப்ப என் பிராது பொய்யில்ல. திரும்பி வராது!” பாவாயி எழுந்துவிட்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பெரியசாமி மலைப் பக்கம் கும்பிட்டாள். “எம் பையன் பொழச்சான் கண்ணு! பொழச்சுட்டான்!” என்று சிரித்தாள். பத்து மாதமாகச் சிரிக்காதவள் வாய்விட்டு, வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கலைச்செல்வி நோட்டை மூடவில்லை. “இன்னும் ஒரு வரி இருக்குக்கா” என்றாள். படிக்கத் தயங்கி, சத்தியத்தை நினைத்துப் படித்தாள்.

“‘உங்கள் மகன் மறுபடி லாரி ஓட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அவனை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.’”

பாவாயியின் சிரிப்பு பாதியில் நின்றது. அப்படியே கீழே உட்கார்ந்தாள். “சிரிச்சுட்டேனே,” என்றாள், “பாவி, அவ புள்ளை செத்ததுக்கு நான் சிரிச்சுட்டேனே.” கலைச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பாவாயி அன்றோடு பிராது எழுதுவதை விட்டாள். தேடி வருகிற பெண்களிடம் “கை வரமாட்டேங்குது கண்ணு” என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். டோனா மேல் கட்டினது இன்னும் அந்த வேலில்தான் இருக்கிறது. மிளகாய் உதிர்ந்துவிட்டது, பாலிதீன் மஞ்சளாகிவிட்டது, முடிச்சு மட்டும் விடவில்லை. மெய்ப் பிராது செல்லும், அதனால் தன் வீட்டுக்குப் பயமில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அமாவாசைக்கு அமாவாசை ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரோடு போகிறாள். பாதியைக் குடித்துவிட்டு மீதியைச் சொம்போடு வேலடியில் வைத்துவிட்டு, இருட்டுகிற வரை உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.

ரமேஷ் லோடுக்குக் கிளம்பும்போது, லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து சொல்வதைத்தான் இப்போதும் சொல்கிறாள். “மெதுவா ஓட்டு சாமி.” அவன் ரோட்டுக்கு இறங்குவதற்குள் இன்னொரு தடவை சொல்வாள். “மெதுவா ஓட்டு சாமி.”

“ஒருக்காச் சொன்னாப் பத்தாதாம்மா?” என்று அவன் சலித்துக்கொள்வான்.

முதலில் சொன்னது அவளுடையது. இரண்டாவது யாருடையது என்று அவள் அவனிடம் சொன்னதில்லை.